விழுங்கச் சிரமம் வருமுன்: உணவுக்குழாயைப் பார்க்கும் புதிய கமரா முறைகள்

“சோறு இறங்குதில்லை, கஞ்சிதான் இறங்குது.” கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் சுகாதாரச் செய்திகளுக்காகப் போகும்போதெல்லாம் இந்த வசனத்தை வெவ்வேறு ஆட்களிடம் கேட்டிருக்கிறேன். சொல்பவர்கள் அநேகமாக வயது போனவர்கள். முதலில் இறைச்சி நின்றது, பிறகு புட்டு நின்றது, பிறகு பாணைத் தேத்தண்ணியில் தோய்த்துச் சாப்பிடத் தொடங்கினேன் என்று ஒரு ஒழுங்கில் சொல்வார்கள். அந்த ஒழுங்கு நடந்து முடியப் பல மாதங்கள் எடுத்திருக்கும். அதுவரை ‘காஸ்ட்ரைட்டிஸ்’ என்று பார்மசியில் குளிசை வாங்கிப் போட்டிருப்பார்கள்.

உணவுக்குழாய் தொண்டையிலிருந்து இரைப்பை வரை போகும், சுமார் 25 சென்ரிமீற்றர் நீளமான தசைக் குழாய். பாடசாலைப் புத்தகத்தில் இதைக் ‘களம்’ என்று படித்திருப்போம். சாப்பாடு வரும்போது அது விரிந்து கொடுக்கும். இந்த விரிகிற இயல்புதான் நோயை மறைக்கிறது. உள்ளே ஒரு கட்டி வளர்ந்தாலும் மற்றப் பக்கம் விரிந்து வழிவிடும். உட்துளை ஏறத்தாழ 13 மில்லிமீற்றருக்குக் கீழே ஒடுங்கும்போதுதான் கட்டியான சாப்பாடு அடிக்கடி நிற்கத் தொடங்கும். குடலுக்கு வெளியே இருப்பது போன்ற மேலுறையும் உணவுக்குழாயின் பெரும்பகுதிக்குக் கிடையாது. அதனால் சுவரைத் தாண்டிய புற்றுநோய் பக்கத்து உறுப்புகளுக்குச் சுலபமாகப் போய்விடுகிறது.

ஆகவே, விழுங்கச் சிரமப்படுவது நோயாளிக்கு முதல் அறிகுறி. நோயின் கணக்கிலோ அது பிந்திய அறிகுறி. இந்த இடைவெளியைக் குறைக்கத்தான் கடந்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளாக எண்டொஸ்கொப்பித் துறை முயன்று வருகிறது. அங்கே என்ன மாறியிருக்கிறது, அதில் எங்களுக்கு உதவக்கூடியது எது என்பதை இந்தக் கட்டுரையில் தொகுத்திருக்கிறேன். படித்துப் பார்த்ததில் எனக்குத் தெளிவான ஒரு விடயம்: பலன் தருவதாக நன்கு நிரூபிக்கப்பட்ட முறைகள் மிக விலை கூடியவை அல்ல.

எங்களுக்கு ஏன் இது முக்கியம்

2022ஆம் ஆண்டுக்கான உலகளாவிய மதிப்பீட்டின்படி, அந்த ஓராண்டில் சுமார் 5 இலட்சத்து 11 ஆயிரம் பேருக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய் புதிதாக ஏற்பட்டது. சுமார் 4 இலட்சத்து 45 ஆயிரம் பேர் அதனால் இறந்தனர். இந்த இரண்டு எண்களும் இவ்வளவு நெருங்கியிருப்பதே நோய் எவ்வளவு பிந்திக் கண்டுபிடிக்கப்படுகிறது என்பதைச் சொல்கிறது.

இந்தப் புற்றுநோயில் இரண்டு முக்கிய வகைகள் உண்டு. ஒன்று, குழாயின் உட்புறத்தை மூடியிருக்கும் செதிள் போன்ற கலங்களில் தொடங்குவது. மற்றையது, நீண்டகால அமில எதுக்களிப்பால் குழாயின் கீழ்ப்பகுதியில் மாறிப்போன சுரப்பிக் கலங்களில் தொடங்குவது. மேற்கு நாடுகளில் இரண்டாவது வகை அதிகம். இலங்கை உட்பட ஆசியாவின் பெரும்பகுதியில் முதலாவது வகையே அதிகம்.

அதற்குக் காரணம் எங்கள் வீட்டுத் தட்டத்திலேயே இருக்கிறது. இலங்கையில் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கும் வெற்றிலை போடுவதற்கும் உள்ள தொடர்பு பற்றிய ஆய்வொன்று 1970ஆம் ஆண்டிலேயே பிரித்தானியப் புற்றுநோய்ச் சஞ்சிகையில் வெளிவந்துவிட்டது. புகையிலை சேர்த்த வெற்றிலை, புகையிலை சேர்க்காத வெற்றிலை இரண்டுமே இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியிருக்கிறது. “நான் புகையிலை வைப்பதில்லை, பாக்கு மட்டும்தான்” என்பது பாதுகாப்பான பதில் அல்ல. புகைத்தலும் மதுவும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். 65 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் தேத்தண்ணி, கோப்பி குடிப்பதும் புற்றுநோயை உண்டாக்க வாய்ப்புள்ள பழக்கம் என்று அதே முகவரகம் 2016இல் அறிவித்தது.

வெள்ளை ஒளிக்குத் தப்புவது

1868இல் ஜேர்மனிய வைத்தியர் அடோல்ஃப் குஸ்மோல், வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரின் வாய் வழியாக நேரான உலோகக் குழாயைச் செலுத்திப் பார்த்ததே இந்தத் துறையின் தொடக்கம். சாதாரண மனிதர் அதைத் தாங்கமாட்டார். வளையக்கூடிய கண்ணாடி இழைக் குழாயை 1957இல் பசில் ஹேர்ஷோவிட்ஸ் அறிமுகப்படுத்தினார். 1980களில் குழாயின் நுனிக்கே சிறு கமரா வந்தது. இன்று எங்கள் ஆட்கள் ‘கமரா விட்டுப் பார்க்கிறது’ என்று சொல்வது இதைத்தான்.

சாதாரண கமரா வெள்ளை ஒளியில் பார்க்கிறது. புண், கட்டி, ஒடுக்கம் எல்லாம் அதில் நன்றாகத் தெரியும். ஆனால் ஆரம்பநிலைப் புற்றுநோய் கட்டியாக இருப்பதில்லை. தட்டையாக, இலேசாகச் சிவந்து, பக்கத்துச் சவ்வோடு சேர்ந்தே கிடக்கும். அனுபவமுள்ள கண்ணுக்கும் அது தப்பிவிடும். புதிய முறைகள் எல்லாம் இந்தத் தட்டையான மாற்றத்தைத் தெரியவைக்கும் முயற்சிகள்தான்.

ஒளியின் நிறத்தை மாற்றுதல்

இவற்றில் அதிகம் பரவியிருப்பது குறுகிய அலைவரிசை ஒளிப்படமாக்கல். ஜப்பானில் 1999 அளவில் இதற்கான ஆய்வு தொடங்கியது. 2000களின் நடுப்பகுதியில் ஒலிம்பஸ் நிறுவனத்தின் கருவிகளில் இது விற்பனைக்கு வந்தது. தத்துவம் எளிமையானது. வெள்ளை ஒளியிலிருந்து 415 நனோமீற்றர் அளவிலான நீல ஒளியையும் 540 நனோமீற்றர் அளவிலான பச்சை ஒளியையும் மட்டும் பிரித்து அனுப்புகிறார்கள். இந்த இரண்டையும் குருதியிலுள்ள ஈமோகுளோபின் நன்றாக உறிஞ்சும். நீல ஒளி சவ்வின் மேற்பரப்போடு நின்றுவிடுவதால், மேலேயுள்ள மெல்லிய குருதிக் குழாய்கள் மண்ணிறமாகத் தெரியும். பச்சை ஒளி சற்று ஆழம் போவதால், கீழேயுள்ள பெரிய குழாய்கள் நீலப்பச்சையாகத் தெரியும்.

புற்றுநோய் வளரக் குருதி வேண்டும். அதனால் கட்டி தோன்றுமுன்னரே அந்த இடத்து மயிர்த்துளைக் குழாய்கள் பருத்து, முறுக்கி, ஒழுங்கு குலைந்துவிடுகின்றன. புதிய ஒளியில் அந்த இடம் மண்ணிறத் திட்டாகத் தனித்து நிற்கும். உருப்பெருக்கிப் பார்த்தால் குழாய்களின் வளைவையே படிக்கலாம். ஜப்பானிய உணவுக்குழாய்ச் சங்கம் இந்த வளைவுகளை வகைப்படுத்தியிருக்கிறது. ‘ஏ’ என்றால் பெரும்பாலும் புற்றுநோய் இல்லை. ‘பி1’, ‘பி2’, ‘பி3’ என்று போகப் போக, புற்றுநோய் சுவருக்குள் கூடுதல் ஆழம் போயிருக்கிறது என்று பொருள். ஆழத்தைப் பொறுத்தே சிகிச்சை மாறும். மேல்படையோடு நிற்கும் புற்றைக் கமரா வழியாகவே சீவி எடுக்கலாம், நெஞ்சைத் திறக்கத் தேவையில்லை.

இதன் பலன் எவ்வளவு? ஜப்பானில் பல வைத்தியசாலைகளில் ஆபத்து அதிகமுள்ள 320 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2010இல் வெளிவந்தது. உணவுக்குழாயின் மேலோட்டமான புற்றுகளில் வெள்ளை ஒளி கண்டுபிடித்தது 55 சதவீதம். குறுகிய அலைவரிசை ஒளி கண்டுபிடித்தது 97 சதவீதம்.

ஃபுஜிஃபிலிம், பென்டக்ஸ் நிறுவனங்களின் கருவிகளிலும் இதே நோக்கத்தோடு வேறு பெயர்களில் வசதிகள் உண்டு. சிலவற்றில் ஒளியே மாறுகிறது, சிலவற்றில் கணினி படத்தை மாற்றுகிறது. எதுவானாலும் கமராவின் பிடியிலுள்ள ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். நோயாளிக்கு மேலதிக ஊசியோ வலியோ கிடையாது.

பழைய அயடீன்

பொத்தான் இல்லாத இடத்துக்கு ஒரு போத்தல் போதும். லூகோல் கரைசல் என்பது அயடீன் கலந்த மண்ணிறத் திரவம். உணவுக்குழாயின் ஆரோக்கியமான கலங்களில் கிளைக்கோசன் இருக்கும். அயடீன் பட்டதும் அவை கடும் மண்ணிறமாகும். புற்றுநோயாக மாறும் கலங்களில் கிளைக்கோசன் குறைவு. அந்த இடம் நிறம் பிடிக்காமல் மஞ்சளாக நிற்கும். சில நிமிடத்தில் அது இளஞ்சிவப்பாக மாறினால் சந்தேகம் வலுக்கும். அங்கிருந்துதான் சதைத்துணுக்கு எடுப்பார்கள்.

சீனாவின் ஹெபெய் மாகாணத்தில் இந்நோய் மிக அதிகமாக உள்ள சிசியான் மாவட்டத்தில், 40 முதல் 69 வயதானவர்களுக்கு ஒரேயொரு தடவை அயடீன் பூசி எண்டொஸ்கொப்பி செய்தார்கள். சந்தேகத்துக்குரிய இடங்களுக்கு உடனே சிகிச்சை கொடுத்தார்கள். பத்தாண்டு கழிந்தபின் பார்த்தபோது, பரிசோதிக்க அழைக்கப்பட்ட கிராமங்களில் இந்நோயால் இறந்தவர்கள் 3.35 சதவீதம். அழைக்கப்படாத கிராமங்களில் 5.05 சதவீதம். 2015இல் வெளியான இந்த முடிவில் இருந்த கருவிகள் கமராவும் அயடீன் போத்தலும்தான்.

அயடீன் பூசியபின் நெஞ்செரிவு வரலாம். சோடியம் தயோசல்பேற்றுக் கரைசல் தெளித்து அதைக் குறைக்கலாம். அயடீன் ஒவ்வாமை அல்லது தைரொயிட் நோய் இருந்தால் முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

நெஞ்செரிவுக்காரருக்கு

பல ஆண்டுகளாக அமிலம் மேலே ஏறிக்கொண்டிருந்தால், குழாயின் கீழ்ப்பகுதிச் சவ்வு சிலரில் குடற்சவ்வு போல மாறிவிடும். இதைப் ‘பரெட் உணவுக்குழாய்’ என்பார்கள். இது புற்றுநோய் அல்ல. ஆனால் சிலரில் புற்றுநோய்க்கு வழிவிடும் என்பதால் கண்காணிக்க வேண்டியது. வழமையான முறை, மாறிய பகுதியில் இரண்டு சென்ரிமீற்றருக்கு ஒரு தடவை நான்கு பக்கமும் துணுக்கு எடுப்பது. இப்போது குறுகிய அலைவரிசை ஒளியோடு, வினாகிரியிலுள்ள அசற்றிக் அமிலத்தை ஐதாக்கித் தெளித்தும் பார்க்கிறார்கள். சவ்வு வெள்ளையாகும். புற்றுநோயாக மாறும் இடம் மற்ற இடங்களுக்கு முன்னரே வெண்மை இழந்து சிவக்கும்.

கமரா இல்லாமலே ஆட்களைத் தெரிவுசெய்யும் முறையொன்றும் பிரித்தானியாவில் உருவாகியிருக்கிறது. நூல் கட்டிய ஒரு குளிசையை விழுங்கச் செய்வார்கள். இரைப்பையில் அது கரைந்து, உள்ளே இருக்கும் பஞ்சு விரியும். நூலை இழுத்தால் பஞ்சு வழியிலுள்ள கலங்களைத் தடவிக்கொண்டு வெளியே வரும். 2020இல் வெளியான பெரிய ஆய்வில், வழமையான பராமரிப்பைவிடப் பல மடங்கு அதிகமான பரெட் நோயாளர்களை இந்த முறை கண்டுபிடித்தது.

கலத்தைப் பார்க்கும் கமராவும் கணினியும்

இன்னும் ஒரு படி மேலே, உடம்புக்குள்ளேயே நுணுக்குக்காட்டி போல இயங்கும் கருவிகள் வந்துள்ளன. ஒன்றில், ஒளிரும் சாயத்தை ஊசியால் ஏற்றி லேசர் ஒளியில் கலங்களை ஏறத்தாழ 1000 மடங்கு பெருப்பித்துப் பார்க்கிறார்கள். இன்னொன்றில், சாயம் பூசி சவ்வில் கமராவை முட்டவைத்துக் கலக்கருவையே காண்கிறார்கள். இவை விலை கூடியவை, பெரும்பாலும் பெரிய ஆய்வு மையங்களுக்குரியவை. இவற்றைவிடப் பரவலானது கமரா நுனியில் பொருத்திய ஸ்கான் கருவி. அது உணவுக்குழாய்ச் சுவரைப் படைபடையாகக் காட்டும். புற்றுநோய் எந்தப் படைவரை போயிருக்கிறது, பக்கத்து நிணநீர் முடிச்சுகள் வீங்கியிருக்கின்றனவா என்று சிகிச்சைக்கு முன் அறிய அது உதவும்.

செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது. 2019இல் வெளியான ஜப்பானிய ஆய்வொன்றில், 8428 படங்களைப் பார்த்துப் பழகிய கணினி, உணவுக்குழாய்ப் புற்றுநோய் உள்ளவர்களில் 98 சதவீதமானோரைப் பிடித்தது. ஆனால் அது ‘புற்றுநோய்’ என்று காட்டிய படங்களில் உண்மையாக இருந்தவை 40 சதவீதம் மட்டும். கணினி சந்தேகப்பட உதவும். முடிவு சொல்வது எடுத்த துணுக்கைச் சோதிக்கும் நோயியல் நிபுணர்தான்.

எந்தக் கருவியானாலும் இரண்டு சாதாரண காரியங்கள் நடந்திருக்க வேண்டும். ஒன்று, சளியும் நுரையும் கழுவப்பட்டிருக்க வேண்டும். மற்றையது, அவசரப்படாமல் பார்க்க வேண்டும். பரெட் நோயாளர்களில், மாறிய பகுதியின் ஒவ்வொரு சென்ரிமீற்றருக்கும் ஒரு நிமிடத்துக்கு மேல் செலவிட்ட வைத்தியர்களே ஆபத்தான மாற்றங்களைக் கூடுதலாகக் கண்டனர் என்று 2012இல் ஓர் ஆய்வு காட்டியது.

போரைத் தாண்டிய உடம்புகளுக்கு

வன்னியில் என்னிடம் கேட்கப்பட்ட ஒரு கேள்வியை மருத்துவக் கையேடுகளில் காண்பது அரிது: “உடம்புக்குள்ளே செல் துண்டு இருக்கு, கமரா விடலாமா?” விடலாம். எம்.ஆர்.ஐ. பரிசோதனையில் பலமான காந்தம் இருப்பதால்தான் உலோகத் துண்டு உள்ளவர்களுக்கு அது சிக்கல். மேலே சொன்ன கமரா முறைகள் ஒளியாலும், ஸ்கான் முறை ஒலி அலையாலும் இயங்குகின்றன. காந்தம் கிடையாது. ஆனாலும் துண்டு எங்கே இருக்கிறது என்பதையும், கழுத்திலோ தாடையிலோ நெஞ்சிலோ பழைய காயமும் சத்திரசிகிச்சையும் இருந்தால் அதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். குழாய் போகும் வழி அதுதான்.

இன்னொன்றைக் கேட்காமலே சொல்ல வேண்டியிருக்கிறது. தடுப்பிலும் விசாரணையிலும் துன்புறுத்தப்பட்டவர்களுக்கு, இருட்டான அறையில் சரிந்து படுத்து வாய்க்குள் குழாய் விடுவது பழையவற்றைத் திரும்பக் கொண்டுவரலாம். அதற்காகப் பரிசோதனையைத் தட்டிக்கழிப்பவர்கள் உண்டு. வெட்கப்பட ஒன்றுமில்லை. நடந்ததையெல்லாம் விபரிக்கத் தேவையில்லை. “எனக்கு இது பயம், ஒவ்வொன்றாகச் சொல்லிச் செய்யுங்கோ, மயக்க ஊசி தர முடியுமா?” என்று கேட்டால் போதும். தொண்டையை விறைக்கச் செய்யும் மருந்தோடு, அரைமயக்க ஊசியும் கொடுக்க முடியும். கையை உயர்த்தினால் நிறுத்துவது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளலாம். சாதாரண கமரா ஏறத்தாழ 9 முதல் 10 மில்லிமீற்றர் தடிப்பு. மூக்கு வழியாகச் செலுத்தும் மெல்லிய கமரா சுமார் 6 மில்லிமீற்றர்தான். இருந்தபடியே, கதைத்தபடியே செய்துகொள்ளலாம். அந்த வசதி இருக்கிறதா என்று கேட்பது உங்கள் உரிமை.

எப்போது போவது, என்ன கேட்பது

விழுங்கச் சிரமம் எல்லாமே புற்றுநோய் அல்ல. அமிலத்தால் வந்த ஒடுக்கம், கீழ்வாசல் தசை தளராத நோய், ஒவ்வாமை அழற்சி, நீரிழிவுக்காரரில் வரும் பங்கசுத் தொற்று, இரும்புச்சத்துக் குறைந்த பெண்களின் தொண்டையடியில் வரும் மெல்லிய சவ்வு என்று வேறு காரணங்கள் உண்டு. இவற்றில் அநேகமானவை சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படும். ஆனால் எது என்பதைப் பார்க்காமல் சொல்ல முடியாது.

சாப்பாடு நிற்பது, விழுங்கும்போது நோவு, காரணமில்லாமல் மெலிவது, கறுப்பு மலம் அல்லது இரத்த வாந்தி, காரணம் தெரியாத இரத்தசோகை, வாரக்கணக்கில் குரல் அடைப்பு: இவற்றில் ஒன்று இருந்தாலும் குளிசையோடு நிற்கக் கூடாது. முன்பு வாய், தொண்டைப் புற்றுநோய் வந்தவர்களும், நெடுங்காலம் வெற்றிலை, புகையிலை, மது பழகியவர்களும், அறிகுறி இலேசாக இருக்கும்போதே வைத்தியரிடம் கேட்பது நல்லது.

அரச வைத்தியசாலையில் இதற்குக் கட்டணமில்லை. பக்கத்து வைத்தியசாலையில் காட்டி, எண்டொஸ்கொப்பி செய்யும் பெரிய வைத்தியசாலைக்குக் கடிதம் வாங்கலாம். பரிசோதனைக்கு முன் குறைந்தது 6 மணித்தியாலம் சாப்பிடக் கூடாது. குருதியை ஐதாக்கும் மருந்து, நீரிழிவு மருந்து எடுப்பவர்கள் முதலிலேயே சொல்ல வேண்டும். மயக்க ஊசி போட்டால் துணைக்கு ஒருவர் வேண்டும், அன்றைக்கு மோட்டார் சைக்கிள் ஓடக் கூடாது.

அங்கே மூன்று கேள்விகள் கேட்கலாம். இந்தக் கமராவில் நிற ஒளி வசதி இருக்கிறதா, அல்லது அயடீன் பூசிப் பார்ப்பீர்களா? துணுக்கு எடுத்தீர்களா, முடிவு எப்போது வரும்? அடுத்த பரிசோதனை எப்போது? பதிலைக் கிளினிக் கொப்பியில் எழுதித் தரச் சொல்லுங்கள். இடம்பெயர்ந்த காலத்தில் எங்கள் மருத்துவப் பதிவுகள் எத்தனை தொலைந்துபோயின என்று எல்லோருக்கும் தெரியும். இப்போது கையில் வரும் துண்டுகளையாவது ஒரு பொலித்தீன் பையில் போட்டு, தொலைபேசியில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வைத்தியருக்கு, ஒரு மில்லிமீற்றர் மாற்றமும் தகவல்தான்.

ஒரு நாள் கூலி போகும், பஸ்ஸுக்குக் காசு வேண்டும், வீட்டில் பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லை. தள்ளிப்போடுவதற்கான இந்தக் காரணங்கள் எல்லாம் உண்மையானவை. ஆனால் பாணைத் தோய்த்துச் சாப்பிடும் மாதங்களுக்குள்தான், கமரா வழியாகச் சீவி எடுக்கக்கூடிய ஒன்று அந்த எல்லையைத் தாண்டிப் போகிறது. உங்கள் வீட்டில் யாராவது சாப்பாட்டை வழமையைவிடச் சின்னச் சின்னதாகப் பிய்க்கத் தொடங்கியிருந்தால், அல்லது ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடிக்கத் தொடங்கியிருந்தால், அதைக் கவனியுங்கள். அவர்கள் தாங்களாகச் சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம்.